பதினேழாம் வீட்டின் ஆறாவது ஆள்

எங்கள் துறையில் எனக்குத் தராசம்மா என்று பெயர். வைத்தவர் அலுவலக எழுத்தர். தோளில் துணிப்பை, பைக்குள் சின்ன மின்தராசு, கையில் நீள நோட்டு என்று எட்டு வாரம் நான் தெருத்தெருவாக அலைந்ததைப் பார்த்து வைத்த பெயர். ஒரு வீட்டில் சமைத்தது யார் தட்டுக்கு எவ்வளவு போகிறது என்பதுதான் எங்கள் ஆய்வு. தட்டில் பரிமாறியதும் ஒரு எடை, கை கழுவியபின் மிச்சத்துக்கு ஒரு எடை. கழித்தால் வயிற்றுக்குள் போனது தெரிந்துவிடும். இதை என் அம்மாவிடம் விளக்கியபோது, "அடுத்தவங்க தட்டை எட்டிப் பாக்குறதுக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்று கேட்டாள். சிரித்தேன். அப்போது அது சிரிக்கக்கூடிய கேள்வியாக இருந்தது.

ஆய்வுக்கு ஒரு காரணம் இருந்தது. நகரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் பெரிய சமையற்கூடம் நடத்தியது. வருமானமில்லாத, ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய, தனியாக இருப்பவர்களுக்கு மதியச் சாப்பாட்டு டப்பா வீடு தேடி வரும். சொந்தக்காரர்களோடு இருப்பவர்களும் மனுப் போட ஆரம்பித்தார்கள். பட்டியல் நீண்டுகொண்டே போனது. குடும்பத்தோடு இருக்கிறவருக்கு உண்மையிலேயே சாப்பாடு போதவில்லையா, இல்லை சும்மா கிடைக்கிறதே என்று கேட்கிறார்களா என்று தெரிந்துகொள்ள நிறுவனம் எங்கள் பேராசிரியரை அணுகியது. காத்திருப்புப் பட்டியலிலிருந்து அறுபது வீடுகளைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு மூன்றாக இருபது ஆய்வாளர்கள் பிரித்துக்கொண்டோம். எதற்காக வந்திருக்கிறோம் என்று வீட்டாரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள் என்பது பேராசிரியரின் கட்டளை. "உணவுப் பழக்கம் பத்தின ஆராய்ச்சி" என்று மட்டும் சொன்னோம்.

பதினேழாம் எண் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. இரண்டு அறை. முன்னறையில் தையல் மெஷின், அதைச் சுற்றி வெட்டிய துணிக் குவியல், சுவரோரம் இரும்புக் கட்டில். உள்ளறையில் அடுப்பும் ஒரு பீரோவும். ஆள் ஆறு பேர். லிப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக், அவர் மனைவியான தையல்காரி, மூன்று பிள்ளைகள். ஆறாவது ஆள் மெக்கானிக்கின் அக்கா. கல்யாணம் ஆகாதவர். பிள்ளைகளுக்கு அத்தை. நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன்.

அத்தைக்கு ஐம்பத்தாறு வயது. பிஸ்கட் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருடம் பொட்டலம் கட்டியவர். கடைசியில் இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல்கள் நசுங்கின. விரல் போனது, வேலையும் போனது, தம்பி வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. முதல் நாள் நான் தராசை எடுத்து வைத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தன் தட்டைக் கையில் ஏந்தி ஒரு நொடி கண்ணை மூடினார்.

"தட்டு எடை போக முந்நூத்தி அறுபது" என்றார்.

வைத்துப் பார்த்தேன். முந்நூற்று அறுபத்து நான்கு.

"நாலு கிராம் எங்க போச்சுன்னு தெரியல. கை பழசாயிடுச்சு" என்று சிரித்தார். பொட்டலம் கட்டுகிறவர்களுக்குக் கையே தராசு, ஒரு பிஸ்கட் கூடினாலும் மேஸ்திரி கத்துவார் என்றார். அன்றிலிருந்து அது எங்களுக்குள் விளையாட்டாகிவிட்டது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். செருப்பு, சீப்பு, பாடப்புத்தகம் என்று எல்லாம் தராசில் ஏறியது. தையல்காரி மட்டும் மெஷினை விட்டு எழாமல், "மேடத்தை வேலை செய்ய விடுங்க" என்று அதட்டுவார்.

திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் என் முறை. காலை ஏழு மணிக்குப் போய், மாலை ஏழு மணிக்குத் திரும்புவேன். மெக்கானிக் நான் வருவதற்கு முன் போய், நான் போன பிறகு வருவார். ஒரே ஒரு தடவைதான் படிக்கட்டில் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம். மதியம் பிள்ளைகள் பள்ளியிலிருந்து சாப்பிட வந்ததும் தையல்காரி எல்லோருக்கும் வரிசையாகத் தட்டு வைப்பார். சோறு, பருப்பு, ஏதாவது காய், சில நாள் முட்டை. அத்தையின் தட்டு பிள்ளைகளின் தட்டுக்கு நிகராக, சில சமயம் கூடவே இருக்கும். அத்தை தலை நிமிராமல், ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். மிச்சம் நிறுக்க எனக்கு எதுவும் இருக்காது.

நான் போகாத நாட்களுக்கு வேறு ஒரு படிவம் இருந்தது. நேற்று யார் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு நிரப்ப வேண்டும். தையல்காரி மெஷினை மிதித்தபடியே பதில் சொல்வார். "நீங்க போன தடவை பாத்த மாதிரிதான் மேடம்." அத்தையிடம் தனியாகக் கேட்டேனா என்றால் கேட்டேன். தையல்காரிக்கு மூன்று அடி தள்ளி, கட்டிலில் உட்கார வைத்து. அத்தையும் "அதேதான் டீச்சரம்மா" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை நான் பையை மாட்டிக்கொண்டு இறங்கியபோது அத்தை கூடவே படிக்கட்டு வரை வந்தார்.

"நாளைக்கும் வாங்களேன் டீச்சரம்மா."

"நாளைக்கு வேற வீடு அத்தை. திங்கக்கிழமை வர்றேன்."

"வாரத்துக்கு ரெண்டு நாள் போதுமா உங்க ஆராய்ச்சிக்கு? ஏழு நாளும் பாத்தாத்தான சரியா வரும்?"

என் மேல் பாசம் என்று நினைத்தேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பேச்சுத்துணை வேண்டியிருக்கிறது என்று அன்றைய குறிப்பில் எழுதினேன். அந்தக் குறிப்பு இன்னும் இருக்கிறது. நல்ல கையெழுத்தில் எழுதியிருக்கிறேன்.

எட்டாவது வாரக் கடைசி நாள் வீட்டில் இருக்கிற எல்லோருடைய உடல் எடையையும் எடுக்க வேண்டும். முதல் நாளும் எடுத்திருந்தோம். பிள்ளைகள் ஏறிக் குதித்து இறங்கினார்கள். தையல்காரி செருப்பைக் கழற்றாமலே ஏறினார். அத்தை ஏறுவதற்கு முன் என்னைப் பார்த்து, "நாலு கொறஞ்சிருக்கும்" என்றார்.

நாலு கிலோ முந்நூறு கிராம் குறைந்திருந்தது. நாற்பத்து மூன்று கிலோ சொச்சம் இருந்தவர், முப்பத்தொன்பதுக்குக் கீழே வந்திருந்தார்.

"என்ன அத்தை இப்படி? உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

அவர் தையல்காரியின் முதுகைப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "வயசாகுதுல்ல" என்று சொல்லி இறங்கினார். எண்ணை எழுதினேன். கீழே ஒரு கேள்விக்குறி போட்டேன். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

எல்லா வீட்டு எண்களையும் கணினியில் ஏற்றியபோது அந்தக் கேள்விக்குறி முன்னால் வந்து நின்றது. இவ்வளவு சாப்பிடுகிற ஒருவருக்கு இவ்வளவு எடை குறைய வழியில்லை. ஒன்று நோயாக இருக்க வேண்டும், இல்லை நான் எழுதிய சாப்பாட்டுக் கணக்கு பொய்யாக இருக்க வேண்டும். பேராசிரியரிடம் கொண்டு போனேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. மாணவர்களின் பிழைகளைச் சிவப்பு மையில் குறிக்க மனம் வராமல் பென்சிலில் குறிக்கிறவர்.

"எடை மெஷின் தகராறு பண்ணியிருக்கும்" என்றார்.

"அதே மெஷின்லதான் சார் மத்த நாலு பேரையும் பாத்தேன்."

"அப்ப உள்ளுக்குள்ள ஏதோ வியாதி. எப்படியும் பொருந்தல. பொருந்தாத வரிசையை எடுத்துடுங்க. எல்லா ஆய்வுலயும் நடக்கிறதுதான் இது. ஒரு அடிக்குறிப்பு போட்டா போதும்."

எடுத்துவிட்டேன். பதினேழு-ஆறு என்று ஒரு வரிசை. விசைப்பலகையில் ஒரு தட்டு. மற்ற வீடுகளைப் பார்த்த ஆய்வாளர்களும் அவரவர் பொருந்தாத வரிசைகளை அதேபோல எடுத்தார்கள்.

கட்டுரை ஒரு ஆய்விதழில் வெளிவந்தது. ஒரே அடுப்பில் உண்ணும் குடும்பங்களில், சார்ந்து வாழும் உறவினருக்கும் ஏறத்தாழ நிகரான பங்கு கிடைக்கிறது என்பது முடிவு. வேலையற்ற உறவினர்கள் புறக்கணிக்கப்படுகிறார்கள் என்பது பொதுவாக நிலவும் தவறான எண்ணம் என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை எழுதியது நான்தான். மாநாட்டில் கைதட்டினார்கள். தொண்டு நிறுவனம் குடும்பத்தோடு இருப்பவர்களின் மனுக்களை மொத்தமாக மூடியது. இருக்கிற டப்பாக்கள் தனியாக இருப்பவர்களுக்குப் போகட்டும் என்றார்கள். அது நியாயமாகவும் பட்டது.

ஏழு மாதம் கழித்து ஒரு முற்பகலில் எழுத்தர் வந்து, "தராசம்மா, உங்களப் பாக்க ஆள் வந்திருக்காரு" என்றார். வாசலில் ஏதோ கம்பெனிச் சீருடையில், கருவிப் பையை இரண்டு கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு ஒருவர் நின்றார். முகத்தை உடனே அடையாளம் தெரியவில்லை.

"பதினேழாம் நம்பர் வீடு மேடம். லிப்ட் மெக்கானிக்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா போயிட்டாங்க. பதினெட்டு நாள் ஆச்சு."

சளிக் காய்ச்சலில் ஆரம்பித்ததாம். மூன்றாம் நாள் மூச்சு வாங்கவும் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது.

"டாக்டர் என்னக் கூப்பிட்டு, இந்தம்மா உடம்புல காய்ச்சலை எதிர்க்க ஒண்ணுமே இல்ல, வீட்டுல சோறு போடுவீங்களா மாட்டீங்களான்னு கேட்டாரு. வார்டுல அத்தன பேர் முன்னாடி. எனக்கு நாக்கப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு மேடம். எங்கம்மா செத்தப்ப எனக்கு ஒம்பது வயசு. அக்காதான் வளத்துச்சு. அதுக்கு நான் சோறு போட மாட்டேனா?"

நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வீட்டுல கேட்டேன். உங்கக்காவுக்கு என்ன கொறை வச்சேன், ஆராய்ச்சிக்காரங்க நிறுத்து நிறுத்து எழுதியிருக்காங்க, போய்ப் பாருங்கன்னா. அதான் வந்தேன். அந்த நோட்டு இருக்கா?"

இருந்தது. ஒரு வீட்டு விவரத்தை அந்த வீட்டார் கேட்டால் காட்டலாம் என்று விதியும் இருந்தது. அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் விரித்தேன். அவர் விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக்கொண்டே போனார். நகத்தில் கிரீஸ் கறை. பதினாறு நாளின் சாப்பாடு. சோறு இவ்வளவு, பருப்பு இவ்வளவு, காய் இவ்வளவு.

"முட்டை போட்டிருக்கா பாருங்க" என்றார். "நான் அவளப் போய் என்னென்னவோ கேட்டுட்டேன். ரெண்டு வாரமா மொகம் குடுத்துப் பேசல."

உடல் எடைப் படிவம் வேறு கோப்பில் இருந்தது. அது என் கைக்கு எட்டுகிற தூரம்தான். நான் எழுந்திருக்கவில்லை. அவர் நகல் கேட்டார். நானே போய் எடுத்துக் கொடுத்தேன். பதினாறு பக்கத்தையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பிவிட்டுப் போனார். ஒரு மனிதன் என்னைக் கும்பிட்டதில் அந்த அளவுக்கு நான் கூசியதில்லை.

மறுநாள் காலை அந்த மூன்றாவது மாடிக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கட்டில் இருந்த இடத்தில் துணி மூட்டைகள் இருந்தன. தையல்காரி என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். எட்டு வாரத்தில் எனக்காக அவர் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"நோட்டக் காட்டுனீங்களாமே. அவரு சொன்னாரு."

"காட்டினேன் அக்கா."

"எடை போட்டதையும் காட்டுனீங்களா?"

நான் தலை குனிந்துகொண்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"காட்ட மாட்டீங்கன்னு தெரியும். காட்டுனா உங்களுக்கும் அசிங்கம்ல."

"நான் வராத நாள்ல என்ன போட்டீங்க அக்கா?"

ஒரு துணியை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"மொதல்ல எல்லாருக்கும் போட்டுத்தான் வந்தேன். பள்ளிக்கூட யூனிபார்ம் ஆர்டர் இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. நீங்க வர்றதுக்குச் சில மாசம் முன்னாடி அதுவும் நின்னுச்சு. புள்ளைங்களுக்குப் போடுவேன், அவருக்கு எடுத்து வைப்பேன். வேலைக்குப் போறவரு, ஒசரத்துல நிக்கிறவரு. அப்புறம் பானையில என்ன இருக்கோ அதை நானும் அண்ணியும்னு இருந்துச்சு. நான் மெஷின் மிதிக்கணும்ல. என் பங்கு அப்படியே இருந்துச்சு, அண்ணி பங்கு கொஞ்சம் கொஞ்சமா கொறஞ்சுது. ஒரு நாள்ல பண்ணல மேடம். ஒரு நாள்ல யாருக்கும் அப்படி மனசு வராது."

"அவங்க கேக்கலையா?"

"அதான் கொடுமை. அவங்களுக்குக் கையிலேயே எடை தெரியும். தட்டை வாங்குறப்பவே தெரிஞ்சிடும், நேத்தைக்கு இன்னைக்கு எவ்வளவு கொறைச்சேன்னு. வாங்கிட்டு என்னை ஒரு பார்வை பாப்பாங்க. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சண்டையாவது போட்டிருப்பேன். அழுதிருப்பேன். கேக்கவே இல்ல. ராத்திரி தம்பி வந்து சாப்டியாக்கான்னு கேட்டா, ஆச்சுப்பான்னு படுத்துடுவாங்க. அவரும் ஆச்சுன்னு நெனச்சுக்குவாரு."

"நாங்க வந்த நாள்ல மட்டும்..."

"ஒரு படிச்ச பொம்பள நோட்டோட வந்து என் வீட்டு நடுவுல உக்காந்திருக்கு. நாத்தனாருக்குச் சோறு போடாதவன்னு எழுதட்டும்னு விடுவேனா? என் தட்டுலருந்தும் புள்ளைங்க தட்டுலருந்தும் எடுத்துப் போட்டேன். நீங்க திங்களும் வியாழனும் வருவீங்கன்னு அவங்க விடியக்காலையிலேயே எந்திரிச்சுத் தலை வாரி உக்காந்திருப்பாங்க. எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அழ எனக்கு என்ன உரிமை என்றும் இருந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்குறேன். அந்தச் சாப்பாட்டு டப்பாவுக்கு மனுப் போட்டது யாருன்னு நெனச்சீங்க? அண்ணின்னா? நான்தான் போட்டேன். அவருக்குத் தெரியாம, நானே எழுதி, அண்ணிகிட்ட கையெழுத்து வாங்கிக் குடுத்தேன். மதியம் ஒரு டப்பா வந்தா அவங்க பொழச்சுக்குவாங்க, எனக்கும் பாவம் சேராதுன்னு. ஒரு வருஷம் காத்திருந்தேன். கடைசில தாள் வந்துச்சு. ஆய்வுல உங்க மாதிரி வீட்டுல தேவையில்லன்னு தெரிஞ்சிடுச்சுன்னு." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்க நோட்டுக்கும் டப்பாவுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மானமாவது மண்ணாவதுன்னு பானையத் தொறந்து காட்டியிருப்பேனே."

சொல்லக் கூடாது என்று விதி, என்றேன். எவ்வளவு அற்பமாக இருந்தது அது, அந்த அறையில்.

"உங்களுக்கும் தெரியும்ல மேடம். எடை எறங்குனதப் பாத்தீங்க. கேட்டீங்க. வயசாகுதுன்னு சொன்னாங்க. சரின்னு போயிட்டீங்க. நான் மெஷின மிதிச்சிட்டுத்தான் இருந்தேன், காது அங்கதான் இருந்துச்சு. நீங்க இன்னொரு வார்த்தை கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்னு இப்பத் தோணுது. அன்னைக்கு என்ன பண்ணியிருப்பேனோ தெரியாது."

பிறகு அவர் மெஷினில் உட்கார்ந்துவிட்டார். நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியதும் நீக்கிய வரிசைகளை எல்லாம் தேடி எடுத்தேன். இருபது பேரும் சேர்த்துப் பதினொன்று நீக்கியிருந்தோம். எல்லாமே ஒரே காரணம்: சாப்பாடு சரியாக இருக்கிறது, எடை குறைந்திருக்கிறது. பதினொரு பேரில் ஒன்பது பேர் டப்பாவுக்கு மனுப் போட்ட அதே உறவினர்கள். யாரோ ஒருவரின் அப்பா, யாரோ ஒருவரின் சித்தி, விதவைத் தங்கை. எடை மெஷின் தகராறு பண்ணவில்லை. அது ஒன்றுதான் அந்த ஆய்வில் உண்மை பேசியிருந்தது. அதைத்தான் நாங்கள் எடுத்துப் போட்டிருந்தோம்.

பேராசிரியர் தாளை நெடுநேரம் பார்த்தார். பென்சிலைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார்.

"இந்தப் பதினொண்ணையும் சேத்தாலும் சராசரி பெருசா மாறாதே" என்றார்.

"சராசரி மாறாது சார். ஆனா ஆய்வே இவங்களப் பத்தித்தானே?"

"கட்டுரைய வாபஸ் வாங்கணும்கறீங்களா? அதுல உங்க பேரும் இருக்கு. உங்க வேலை அடுத்த வருஷம் நிரந்தரமாகணும். யோசிச்சுப் பாருங்கம்மா."

"அந்த அத்தை செத்துட்டாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நாம கொல்லலையே" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஒரு தடவைகூட உதவவில்லை.

இதழுக்கும் தொண்டு நிறுவனத்துக்கும் நானே கடிதம் எழுதினேன், பதினொரு வரிசைகளோடு. பேராசிரியர் தடுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. கடிதம் போனபிறகு ஒரு வேலை பாக்கியிருந்தது. மெக்கானிக்கிடம் நான் கொடுத்தது பொய்க் காகிதம். அது அவர் சட்டைப் பையில் இருந்தது.

நகர மையத்தில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் வேலை செய்கிறார் என்று அவருடைய நிறுவனத்தில் சொன்னார்கள். தரைத்தளத்தில் லிப்ட் கதவு திறந்து கிடந்தது. உள்ளே பள்ளத்தில் விளக்கு எரிந்தது. குரல் கொடுத்தேன். ஏணியில் ஏறி மேலே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. அதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"உங்ககிட்ட குடுத்த கணக்கு முழுசா இல்ல. அது நான் வந்த நாளோட கணக்கு மட்டும்தான். அந்த ரெண்டு மாசத்துல உங்கக்காவுக்கு நாலு கிலோவுக்கு மேல எடை கொறஞ்சிருக்கு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். உங்ககிட்ட மறைச்சுட்டேன். அதுக்கு முன்னாடி ஆய்வுலயும் மறைச்சுட்டேன்."

தையல்காரி சொன்னது எதையும் நான் சொல்லவில்லை. அவசியமும் இருக்கவில்லை. கட்டடத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர் லிப்டைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்கள்.

"நான் தெனமும் கேப்பேன் மேடம். சாப்டியாக்கான்னு. ஆச்சுன்னு சொல்லும். வெளக்கப் போட்டு ஒரு நாள் அது மொகத்தப் பாத்திருக்கலாம். அசதி. ஆச்சுன்னு சொன்னதே எனக்குப் போதுமா இருந்துச்சு."

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மூணு புள்ளைங்க இருக்கு. அவ இல்லாம எனக்கு ஒரு நாள் ஓடாது. அவகிட்ட நான் இதக் கேட்டா, அவ ஆமான்னு சொல்லிட்டா, அப்புறம் நான் அந்த வீட்டுல எப்படி உக்காந்து சாப்பிடறது? அவ போட்டு நான் திங்கணும்ல?"

கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க வந்தது நல்லதுதான். ஆனா நீங்க சொன்னது என் காதுல விழல. இந்தப் பேப்பர் எங்கிட்டயே இருக்கட்டும்."

ஏணியில் இறங்கிப் போய்விட்டார். கீழே சுத்தியல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அதன்பிறகு நாங்கள் சந்திக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து இதழில் அரைப் பக்கத் திருத்தம் வந்தது. கட்டுரையின் முடிவுகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று போட்டிருந்தார்கள். பேராசிரியர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். என் வேலை நிரந்தரமாகவில்லை. இப்போது வேறொரு கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பகுதிநேரமாகப் பாடம் எடுக்கிறேன். ஆய்வு முறைகள் என்பது பாடத்தின் பெயர். பொருந்தாத வரிசைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

தொண்டு நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. மனுக்களைத் திரும்பத் திறந்து, உயிரோடு இருந்த மற்ற எட்டு உறவினர்களுக்கும் டப்பா தருவதாக வீட்டுக்கு வீடு கடிதம் அனுப்பியது. காரணத்தையும் மறைக்காமல் எழுதியது: ஆய்வில் இவருடைய எடை குறைந்திருந்தது தெரிய வந்திருக்கிறது. இரண்டு வீட்டிலிருந்து சரி என்று பதில் வந்தது. ஆறு வீட்டிலிருந்து, எங்களுக்கு வேண்டாம், எங்கள் வீட்டு ஆளை நாங்களே நன்றாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதங்களை நிறுவனத்தில் எனக்குக் காட்டினார்கள். ஒவ்வொன்றின் கீழும் அந்த உறவினரின் கையெழுத்தோ, கைநாட்டோ இருந்தது.

ஆறு வீட்டுக்கும் நானே போனேன், பையும் நோட்டும் இல்லாமல். அதில் இரண்டு வீட்டில் மட்டும் கதவைத் திறந்தார்கள்.